நடு டோன் மட்டும் கருத்துப் போகுது, கர்வ் போடணுமா மை குறைக்கணுமா?

#1 ப்ளேட்ரூம்தம்பி

வணக்கம் எல்லாருக்கும். சிவகாசில ஒரு சின்ன ஆஃப்செட் பிரஸ்ல ப்ளேட் ரூம்ல இருக்கேன். நாலு கலர் மிஷின் ஒண்ணு, செகண்ட் ஹேண்ட்ல வாங்குனது. இத்தனை வருஷம் ப்ளேட் வெளிய குடுத்துதான் எடுத்தோம், இப்பதான் சொந்தமா ஒரு தெர்மல் சிடிபி (கம்ப்யூட்டர் ஃபைல்ல இருந்து நேரா ப்ளேட் எடுக்கற மிஷின்) போட்டிருக்கோம். 2400 டிபிஐ, 175 ஸ்கிரீன்.

பிரச்சனை இதுதான். காலண்டருக்கு சாமி படம் ஓட்டுறோம், 130 ஜிஎஸ்எம் ஆர்ட் பேப்பர். முருகன் முகம் கன்னத்துல, கழுத்துல எல்லாம் வெயில்ல நின்ன மாதிரி செவந்து கருத்துப் போகுது. சாலிட் (100% மை விழுற எடம்) எல்லாம் பளிச்சுன்னு சரியா இருக்கு. மிஷின் அண்ணன் மெஜந்தாவைக் குறைச்சா முகம் கொஞ்சம் தேறுது, ஆனா பட்டுத்துணி செகப்பு செத்துப் போகுது. அவரு ப்ளேட் தப்புங்கறாரு, நான் மிஷின் தப்புங்கறேன், ஓனர் ரெண்டு பேரையும் பாத்து முறைக்கிறாரு. ஆடி 18க்கு ஆல்பம் வெளியாகணும், நாள் இல்ல.

ரிப்ல (ஃபைலை ப்ளேட் டாட்டா மாத்தற சாஃப்ட்வேர்) இப்ப கர்வ் (டாட் சைஸை ஏத்தி இறக்கற திருத்தம்) எதுவும் போடல. ஃபைல்ல 50% டாட் இருக்கற பேட்ச், ஷீட்ல அளந்தா எத்தனை பர்சன்ட்னா: சயான் 74, மெஜந்தா 81, எல்லோ 79, பிளாக் 77. சாலிட் டென்சிட்டி (மை எவ்வளவு கெட்டியா விழுந்திருக்குன்னு மீட்டர் காட்டறது) சயான் 1.40, மெஜந்தா 1.45, எல்லோ 1.35, பிளாக் 1.75. கர்வ்ல மெஜந்தாவை 50ல இருந்து ஒரு 15 இறக்கிட்டா சரியாயிடுமா?

#2 நாலுகலர்அண்ணாச்சி

தம்பி அவசரப்படாத. முதல்ல கர்வ் மேல இருந்து கையை எடு. நான் ஃபிலிம் பாசிட்டிவ் காலத்துல இருந்து மிஷின்ல நிக்கிறவன், அப்பல்லாம் கர்வும் கிடையாது ஒண்ணும் கிடையாது, ஸ்கேனர்காரன் தலையிலதான் எல்லாம்.

நாலு கலர்ல மெஜந்தா மட்டும் 81னு தனியா நிக்குதுன்னா அது ப்ளேட்டுல இருந்து வர வாய்ப்பு கம்மி, ஒரே மிஷின்ல ஒரே மாதிரி எடுத்த ப்ளேட் நாலும். மெஜந்தா யூனிட்டைப் பாரு. கலர் பார்ல நட்சத்திரம் மாதிரி ஒரு டார்கெட் இருக்கும் பாரு, நடுவுல எல்லா கோடும் சேர்ற இடம். லென்ஸ் வச்சுப் பாரு. நடு உருண்டையா பெருசாச்சுன்னா வெறும் டாட் கெயின், அதாவது டாட் பரவிப் பெருசாகுது, மை ஜாஸ்தி, இல்லன்னா பிரஷர் ஜாஸ்தி. முட்டை மாதிரி ஒரு பக்கம் நீண்டா ஸ்லர், டாட் இழுபடுது. இங்கிலீஷ் எட்டு மாதிரி ரெண்டு முட்டையா தெரிஞ்சா டபுளிங், அதாவது ஒரு டாட் ரெண்டு தடவ விழுது, கொஞ்சம் தள்ளி. பிளாங்கெட் (ப்ளேட்ல இருந்து மையை வாங்கி பேப்பருக்குக் குடுக்கற ரப்பர் ஷீட்) தொளதொளன்னு இருந்தா இதுதான் வரும்.

பாத்துட்டு வந்து சொல்லு, அதுக்கு முன்னாடி ரிப்பைத் தொடாத.

#3 ரோல்டுரோல்

நண்பா நான் ஃபிளெக்ஸ், வினைல் பக்கம், சென்னை. எங்களுக்கு இது ரொம்ப சிம்பிள். ரிப்ல ஒவ்வொரு கலருக்கும் இங்க் லிமிட் குறைச்சுட்டு, அப்புறம் லீனியரைசேஷன் ஷீட் அடிச்சு அளந்தா சாஃப்ட்வேரே கர்வ் போட்டுக்கும், அரை மணி நேர வேலை. மெஜந்தா 100ஐ 85ஆ இறக்கிப் பாருங்க.

#4 டாட்கெயின்_கோவை

ரோல்டுரோல் சார், நீங்க சொல்றது இங்க்ஜெட்டுக்கு ரொம்ப சரி, ஏன்னா அங்க சாஃப்ட்வேர்தான் எவ்வளவு மை விழணும்னு முடிவு பண்ணுது. ஆஃப்செட்ல 100ங்கறது ப்ளேட்ல முழு சாலிட், அது எவ்வளவு கெட்டியா விழணும்ங்கறது மிஷின்ல இங்க் கீ (மை அளவைக் கூட்டிக் குறைக்கிற திருகு) தீர்மானிக்கிற விஷயம். ப்ளேட்ல 100ஐ 85 ஆக்குனா மை மெல்லிசாகாது, சாலிட்டுக்கு பதிலா 85% ஸ்கிரீன் விழும், லென்ஸ்ல பாத்தா ஊசி குத்துன மாதிரி வெள்ளை வெள்ளையா ஓட்டை. பட்டுத்துணி இன்னும் மோசமாயிடும். கர்வ்ல 0ம் 100ம் தொடக்கூடாது, நடுவுல மட்டும்தான் நமக்கு வேலை.

தம்பி, உங்களுக்கு ஒரு கேள்வி. எல்லோ சாலிட் 1.35னு போட்டிருக்கீங்களே, அந்த நம்பர் எங்க இருந்து வந்துச்சு? டென்சிட்டோமீட்டர்ல ஸ்டேட்டஸ் என்ன செட்டிங்ல இருக்கு, டி-யா (T) ஈ-யா (E)?

ஏன் கேக்குறேன்னா, ஸ்டேட்டஸ் ஈ-ல எல்லோவுக்கு குறுகுன ஃபில்ட்டர், அதனால ஒரே மையை அளந்தாலும் 1.35, 1.40னு காட்டும். ஸ்டேட்டஸ் டி-ல அதே மை 1.0 பக்கத்துலதான் காட்டும். யூரோப் பக்கம் ஈ, அமெரிக்கா பக்கம் டி. மத்த கலர்ல இந்த வித்தியாசம் பெருசா தெரியாது, எல்லோவுலதான் கழுத்தறுக்கும்.

#5 ப்ளேட்ரூம்தம்பி

அக்கா கை எடுத்துக் கும்பிடுறேன். மீட்டர் செட்டிங் டி. 1.35ங்கறது மிஷின் பக்கத்துல செவுத்துல ஒட்டியிருக்கற ஒரு சார்ட், மிஷின் வாங்குனப்ப கூடவே வந்தது, லேமினேஷன் பண்ணி ஒட்டி வச்சிருக்கோம். அந்த 1.35 வர்ற வரைக்கும் அண்ணன் எல்லோ கீயைத் தொறந்துக்கிட்டே இருந்திருக்காரு. ஷீட் காயவே மாட்டேங்குது, செட்-ஆஃப் (ஈர மை மேல விழற ஷீட்டோட முதுகுல ஒட்டறது) அடிக்குதுன்னு ஒரு மாசமா பவுடரை அள்ளிப் போட்டுட்டு இருந்தோம், இதுதான் காரணமா!

அண்ணாச்சி நீங்க சொன்னதும் பாத்தேன். மெஜந்தா நட்சத்திரம் நடுவுல எட்டு மாதிரிதான் தெரியுது, சயான்ல நல்ல உருண்டை. ஃபோன் கேமராவை லென்ஸ் மேல வச்சு போட்டோ எடுத்து மிஷின் அண்ணன்கிட்ட காட்டுனேன், ஒண்ணும் பேசல, ஸ்பேனரை எடுத்துட்டுப் போயிட்டாரு.

#6 நாலுகலர்அண்ணாச்சி

ஒண்ணும் பேசலன்னா ஒத்துக்கிட்டான்னு அர்த்தம் தம்பி. மிஷின்மேன் வாயில "என் தப்பு"ன்னு வராது, நானும் சொன்னதில்ல.

பிளாங்கெட்டைக் கழட்டி அடியில வைக்கிற பேக்கிங் ஷீட் எத்தனை இருக்குன்னு கேஜ் வச்சு அளக்கச் சொல்லு. புது பிளாங்கெட் போட்டு ஒரு ஆயிரம் ரெண்டாயிரம் ஷீட் ஓடுனதும் திரும்ப ஒருக்கா டைட் வைக்கணும், முக்கால்வாசிப் பேரு வைக்கிறதில்ல. தண்ணியும் பாரு, பிஹெச் 5ஐ ஒட்டி இருக்கணும். அப்புறம் மத்தியானம் மூணு மணிக்கு அளந்த ஷீட்டை நம்பாத, ரூம் 38 டிகிரில கொதிக்கும்போது மை இளகி டாட் பரவும், காலையில அதே ப்ளேட் அதே டென்சிட்டிக்கு ரெண்டு மூணு பர்சன்ட் கம்மியா காட்டும். ஏசி இல்லாத பிரஸ்ல இது எல்லாருக்கும் உள்ளதுதான்.

#7 ப்ளேட்ரூம்தம்பி

அப்டேட். மெஜந்தா பிளாங்கெட் டைட் வச்சாச்சு, கிட்டத்தட்ட கால் சுத்துக்கு மேல சுத்துச்சு. எல்லோ 1.0க்கு இறக்கியாச்சு. காலையில எட்டு மணிக்கு ஓட்டி, 400 ஷீட் போன பிறகு அளந்தது. சயான் 74, மெஜந்தா 75, எல்லோ 72, பிளாக் 76. முகம் இப்பவே பாதி சரியாயிடுச்சு! செவப்பு போயிடுச்சு, ஆனா மொத்தமா இன்னும் கனமா இருக்கு, முடி, மயில் கழுத்து, நிழல் எல்லாம் அடைச்சுப் போகுது.

அண்ணாச்சி சொல்லாம நான் அன்னைக்கே மெஜந்தாவுல 15 இறக்கியிருந்தா என்னாயிருக்கும்னு நெனச்சாலே பயமா இருக்கு, பிளாங்கெட் மாத்துன அன்னைக்கு முருகன் வெளிறிப் போயிருப்பாரு.

இப்ப கர்வ் போடலாமா? 74ங்கறதை எங்க கொண்டு வரணும்?

#8 டாட்கெயின்_கோவை

இப்ப போடலாம். கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுமையா படிங்க.

முதல்ல அந்த 74 எப்படி வருதுன்னு தெரிஞ்சுக்கோங்க, மீட்டர் மேஜிக் ஒண்ணும் இல்ல. அது மர்ரே-டேவிஸ் ஃபார்முலா, 1936ல வந்தது. சாலிட் டென்சிட்டி 1.40, 50 பேட்ச் டென்சிட்டி 0.54, ரெண்டும் பேப்பர் வெள்ளையைக் கழிச்சது. 0.54னா பேப்பர்ல பட்டு திரும்புற வெளிச்சம் சுமார் 29%, அப்ப முழுங்குனது 71%. சாலிட் 1.40னா திரும்புறது 4%, முழுங்குனது 96%. 71ஐ 96ஆல வகுத்தா 74. அவ்வளவுதான். ஃபைல்ல 50, பேப்பர்ல 74, கெயின் 24.

இதுல ரெண்டு விஷயம் தப்பாப் போகும். ஒண்ணு, அதே ஷீட்டோட வெள்ளையில ஜீரோ பண்ணணும், வேற ரீம்ல பண்ணக்கூடாது, அடியில கறுப்பு அட்டை வச்சு அளங்க. ரெண்டு, சாலிட் தப்பா இருந்தா டாட்டும் தப்பாத்தான் வரும், உங்க எல்லோ கதை மாதிரி. அதனால சாலிட் டென்சிட்டி டார்கெட்ல நிக்கற ஷீட்டை மட்டும் எடுங்க, ஒரே ஷீட் போதாது, அஞ்சாறு ஷீட் எடுத்து, கிரிப்பர் பக்கம் (ஷீட்டோட முன் ஓரம்) டெயில் பக்கம் (பின் ஓரம்) ரெண்டும் அளந்து சராசரி போடுங்க.

டார்கெட்டுக்கு வருவோம். ஐஎஸ்ஓ 12647-2, 2013 பதிப்புல கோட்டட் பேப்பருக்கு நாலு கலருக்குமே 50ல 16 கெயின், அன்கோட்டட்டுக்கு 22. அப்ப ஆர்ட் பேப்பர்ல உங்க 50 பேட்ச் 66ஆ விழணும்.

இப்ப முக்கியமான இடம். எல்லாரும் பண்ற தப்பு, 74ல 66 போனா 8, அதனால 50ல 8 கழிச்சு 42 போட்டுடுவாங்க. அப்படி இல்ல. தலைகீழா தேடணும். "எனக்கு 66 வேணும், என் மிஷின்ல எந்த ப்ளேட் டாட் போட்டா 66 வருது?" இதுதான் கேள்வி. உங்க சயான் ஸ்டெப் எல்லாம் போடுங்க, பாத்து சொல்றேன்.

#9 ப்ளேட்ரூம்தம்பி

சயான்: 10க்கு 17, 20க்கு 34, 30க்கு 49, 40க்கு 63, 50க்கு 74, 60க்கு 83, 70க்கு 90, 80க்கு 95, 90க்கு 98.5.

#10 டாட்கெயின்_கோவை

நல்ல வழவழன்னு ஏறுது, அளந்தது ஒழுங்கா இருக்கு.

66 எங்க வருது? 40ல 63, 50ல 74, ரெண்டுக்கும் நடுவுல. 10 ஸ்டெப்புக்கு 11 ஏறுது, நமக்கு 63ல இருந்து 3 வேணும், அப்ப 42.7. ஃபைல் 50 வந்தா ப்ளேட்ல 42.7 எரியணும். இங்க கழிச்சாலும் 42 வந்துருக்கும், பெருசா வித்தியாசம் இல்ல, அதனாலதான் நிறைய பேரு ஏமாந்துடறாங்க.

80ஐப் பாருங்க. டார்கெட் தோராயமா 90. உங்களுக்கு 95 வருது. கழிக்கறவரு 5 கழிச்சு 75 போடுவாரு. ஆனா உங்க டேபிள்ல 90 வர்றது 70லதான்! 75 போட்டா 92க்கு மேல விழும், நிழல் அடைப்பு அப்படியேதான் இருக்கும், அப்புறம் "கர்வ் போட்டும் பிரயோஜனம் இல்ல"ன்னு சொல்லுவாங்க. மேல போகப் போக மிஷின் கர்வ் படுத்துடுது, ஒரு பர்சன்ட் அசைக்கணும்னா ப்ளேட்ல ரெண்டு பர்சன்ட் அசைக்கணும்.

இதே மாதிரி ஒன்பது பாயின்ட்டும் நாலு கலருக்கும் எக்ஸெல்ல போடுங்க. 5, 95ல எல்லாம் தனித்தனியா பாயின்ட் வைக்காதீங்க, அளக்கறதுல அரை பர்சன்ட் ஆட்டம் இருக்கத்தான் செய்யும், அதை எல்லாம் கர்வ்ல ஏத்துனா கர்வ் நெளியும், வானம் கிரேடியன்ட்ல பட்டை பட்டையா விழும். கர்வை ஸ்கிரீன்ல பெருசாக்கிப் பாருங்க, தேங்காய் நார் கயிறு தொங்குற மாதிரி ஒரே வளைவா இருக்கணும்.

#11 ஒன்பிட்_டிஃப்

நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். ப்ளேட்டை முதல்ல லீனியர் பண்ணாம பிரஸ் கர்வ் போடறது சரியா? ப்ளேட் ரீடர் வச்சு 50 போட்டா 50 விழற மாதிரி ஒரு கர்வ், அது மேல பிரஸ்ஸுக்கு ஒரு கர்வ். எங்க பிரஸ்ல அப்படித்தான்.

#12 டாட்கெயின்_கோவை

ரெண்டு கட்சி உண்டு இதுல. நான் ப்ளேட்டை லீனியர் பண்ணாத கட்சி. தெர்மல் ப்ளேட்ல ஃபோகஸ், லேசர் பவர், டெவலப்பர் சரியா இருந்தா 50 போட்டா 50, 51தான் வருது, அதுக்கு ஒரு கர்வ் எதுக்கு? ரெண்டு கர்வ் அடுக்குனா எது எங்க தப்பாச்சுன்னு தேடறதே ஒரு வேலை. ஒரு கர்வ், ஆனா தினமும் ஒரு ப்ளேட்ல 50 பேட்ச் அளந்து நோட்டுல எழுதி வைக்கணும். 51 வர்ற எடத்துல ஒருநாள் 47 வந்தா டெவலப்பர்ல கோளாறுன்னு தெரிஞ்சுடும்.

#13 ஒன்பிட்_டிஃப்

ஆனா ரெண்டு சிடிபி இருக்கற எடத்துல, இல்ல ப்ளேட் பிராண்ட் அடிக்கடி மாத்தற எடத்துல லீனியர் பண்ணித்தான் ஆகணும். இல்லன்னா ப்ளேட் மாத்துற ஒவ்வொரு தடவையும் மிஷின்ல டெஸ்ட் ஓட்டணும், அந்த ஷீட் காசு யாரு குடுப்பா. லீனியர் இருந்தா புது ப்ளேட்டை 50க்கு 50 கொண்டு வந்துட்டு பழைய பிரஸ் கர்வையே வச்சுக்கலாம்.

#14 டாட்கெயின்_கோவை

அது நியாயம். தம்பிக்கு ஒரு சிடிபி, ஒரு பிராண்ட் ப்ளேட்தானே, ஒரு கர்வ் போதும். ஆனா தம்பி, ரிப்ல ஏற்கனவே டீஃபால்ட்டா ஏதாவது கர்வ் ஒளிஞ்சிருக்கான்னு பாத்துடுங்க. நான் வேலை பாத்த ஒரு எடத்துல இன்ஸ்டால் பண்ண வந்தவர் ஒரு டெமோ கர்வை வச்சுட்டுப் போயிட்டாரு, நாங்க அது மேல எங்களோடதை போட்டு ரெண்டு வாரம் எல்லா ஜாபும் வெளிறி ஓடுச்சு. பார்ட்டி ஒருத்தர் "என்னம்மா, மை வெலை ஏறிடுச்சா"ன்னு கேட்டாரு.

#15 ப்ளேட்ரூம்தம்பி

😂 செக் பண்ணிட்டேன், ஒண்ணும் இல்ல. நாலு கலருக்கும் போட்டு ப்ளேட் எடுத்து இன்னைக்கு காலையில ஓட்டியாச்சு. 50ல சயான் 67, மெஜந்தா 66, எல்லோ 65, பிளாக் 67. மயில் கழுத்துல ஒவ்வொரு இறகும் தனியா தெரியுது, இந்தப் படத்துல இறகு இருக்குன்னே எனக்கு இன்னைக்குதான் தெரியும்.

ஆனா ஒண்ணு. சயான் 50, மெஜந்தா 40, எல்லோ 40 போட்ட கிரே பேட்ச், பக்கத்துல பிளாக் 50 பேட்ச், ரெண்டையும் பாத்தா கிரே லேசா செவப்படிக்குது. நம்பர் எல்லாம் சரியா இருக்கே?

#16 டாட்கெயின்_கோவை

நம்பர் சரியா இருந்தாலும் அப்படி வரும். டாட் கெயின் ஒவ்வொரு கலரையும் தனித்தனியாத்தான் பாக்குது, மூணும் ஒண்ணு மேல ஒண்ணு விழும்போது டிராப்பிங் (ஒரு மை மேல இன்னொரு மை பிடிக்கறது) எப்படி, உங்க மெஜந்தா மை எவ்வளவு சுத்தம், பேப்பர் வெள்ளை நீலம் அடிக்குதா மஞ்சள் அடிக்குதா, இதெல்லாம் அதுக்குத் தெரியாது. ஜி7 முறைக்காரங்க இதனாலதான் தனித்தனி கெயினை விட்டுட்டு கிரே நடுநிலையா வரணும்ங்கறதை வச்சே கர்வ் போடறாங்க.

உங்களுக்கு ஸ்பெக்ட்ரோ (கலரையே அளக்கற மீட்டர்) இல்லாததால சிம்பிளா, மெஜந்தா கர்வ்ல 50 பாயின்ட்டை ஒரே ஒரு பர்சன்ட் இறக்கி, பக்கத்துல உள்ள பாயின்ட்டையும் அதுக்கேத்த மாதிரி இழுத்து விடுங்க. ட்யூப் லைட் கீழ முடிவு பண்ணாதீங்க, வாசல்ல நிழல்ல கொண்டு போய் பாருங்க. 5000 கெல்வின் லைட் பூத் இருந்தா ரொம்ப நல்லது.

#17 நாலுகலர்அண்ணாச்சி

ஒரு விஷயம் யாரும் சொல்லல. பார்ட்டி போன வருஷ காலண்டரைக் கொண்டு வந்து பக்கத்துல வச்சு "இதே மாதிரி வேணும்"பான். போன வருஷம் கனமா ஓடுனது. இப்ப நீ சுத்தமா ஓட்டுனா "என்ன தம்பி டல்லா இருக்கு"ங்கும். நாலு எடத்துல பாத்தாச்சு.

#18 டாட்கெயின்_கோவை

அண்ணாச்சி சொல்றது நூத்துக்கு நூறு. இன்னொரு பக்கமும் இருக்கு. டிசைனருங்க முக்கால்வாசிப் பேரு போட்டோஷாப்ல என்ன டீஃபால்ட்டோ அதுலயே சிஎம்ஒய்கே மாத்திடறாங்க, நிறைய கம்ப்யூட்டர்ல அது அமெரிக்கன் வெப் கோட்டட் ஸ்வாப் வி2ங்கற கலர் ப்ரொஃபைல். அது கெயின் 20 பக்கத்துல இருக்கும்னு நெனச்சு பிரிச்ச ஃபைல், அதை 16ல ஓட்டுனா கொஞ்சம் வெளிறித்தான் தெரியும். அதுக்காக பார்ட்டிக்குப் பார்ட்டி பிரஸ் கர்வை மாத்திக்கிட்டே இருந்தீங்கன்னா பைத்தியம் பிடிச்சுடும். மிஷினை ஒரே எடத்துல நிறுத்துங்க, ஃபைலை மாத்துங்க. பழைய ஜாப் ரீபிரின்ட்டுக்கு மட்டும் ஃபைல்ல நடு டோனை ரெண்டு மூணு பர்சன்ட் ஏத்திக் குடுங்க, பார்ட்டி சந்தோஷம்.

#19 ப்ளேட்ரூம்தம்பி

மெஜந்தா ஒண்ணு இறக்குனதுல கிரே சரியாயிடுச்சு. வாசல்ல வேப்ப மரத்தடியில வச்சுப் பாத்தேன், ஓனரும் வந்து நின்னு பாத்தாரு. போன வருஷ ஷீட்டை எடுத்துட்டு வந்து அண்ணாச்சி சொன்ன அதே டயலாக் "கொஞ்சம் டல்லா இருக்கோ"ன்னாரு, மிஷின் அண்ணன் முந்திக்கிட்டு "அண்ணே அது டல் இல்ல, இதுதான் படம்"னுட்டாரு. எனக்கு ஆச்சரியமா போச்சு.

கர்வுக்கு "ஆர்ட்130_175_காலை"ன்னு பேரு, தேதியும் போட்டு சேவ் பண்ணிட்டேன். செவுத்து சார்ட்டைக் கிழிச்சுட்டு ஸ்டேட்டஸ் டி நம்பரோட புதுசா ஒண்ணு ஒட்டியாச்சு. அடுத்து டெய்லி ஷீட்டோட மேல் அட்டை மேப்லித்தோவுல (கோட்டிங் இல்லாத பேப்பர்) ஓடணும், அதுக்கு இதே கர்வை வச்சுக்கலாமா?

#20 டாட்கெயின்_கோவை

வேணாம். மேப்லித்தோ மையைக் குடிக்கும், சாலிட் டென்சிட்டியே 1.0 பக்கம்தான் நிக்கும், டார்கெட்டும் 22. திரும்ப கர்வ் இல்லாம டெஸ்ட் ஷீட்ல இருந்து ஆரம்பிங்க. நீங்க போட்ட எக்ஸெல் ஷீட்டை வச்சே பண்ணலாம், நம்பர் மட்டும் மாத்துனா போதும்.

#21 சும்மா_பாக்கிறவன்

அந்த எக்ஸெல் ஷீட்டை இங்க போட்டா எங்களுக்கும் உதவும் பிரதர். எங்க செவுத்துலயும் அதே மாதிரி ஒரு சார்ட் ஒட்டியிருக்கு, எல்லோ 1.40ன்னு.